மழைக்குள்ளே ஒரு கல்லு உப்பு

கண்ணாடி போட்டவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். பீச்சுல ஒரு மணி நேரம் காத்து வாங்கிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தா, மூக்குக் கண்ணாடி மேல மெல்லிசா ஒரு படலம் படிஞ்சிருக்கும். தண்ணியில கால்கூட நனைச்சிருக்க மாட்டோம். சட்டை நுனியில துடைச்சா இன்னும் மோசமா இழுவும். விரலால தொட்டு நாக்குல வெச்சுப் பார்த்தா உப்புக் கரிக்கும். (நான் வெச்சுப் பார்த்திருக்கேன். அப்ப வீட்டம்மா பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது :-))

நாம துடைச்சுட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவோம். ஒரு மனுஷன் துடைக்காம, அந்தப் படலத்தை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வெச்சுப் பார்த்தார். அங்கேயிருந்து நூல் பிடிச்சு, கடல் மேல மழை எப்படி உருவாகுதுங்கற கேள்விக்குப் போயிட்டார். அவரோட கதையும், அந்தக் கேள்வி இன்னிக்கு வந்து நிக்கிற இடமும்தான் இந்தப் பதிவு. ஆணி ஜாஸ்தியானதால ரெண்டு வாரமா டிராஃப்ட்லயே கிடந்தது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

லட்சத்தில் ஒருத்தன்

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். மேகத்துல தண்ணி இருக்கு, அது கனமானதும் கீழே விழுது, அதான் மழைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். உண்மையில் அது அவ்வளவு சுலபம் இல்லை.

1880ல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் எய்ட்கன் ஒரு சோதனை செய்தார். ரெண்டு கண்ணாடிப் பாத்திரம். ஒண்ணுல சாதாரணக் காத்து, இன்னொண்ணுல பஞ்சு வழியா வடிகட்டின காத்து. ரெண்டுலயும் நீராவியை விட்டார். முதல் பாத்திரத்துல வெள்ளையா மூட்டம் போட்டது. ரெண்டாவதுல ஒண்ணுமே இல்லை. அதாவது, நீராவி துளியா மாறணும்னா உட்கார ஒரு துகள் வேணும். தூசியோ, புகையோ, உப்போ, ஏதோ ஒரு கரு. கரு இல்லேன்னா மேகம் இல்லை.

சரி, மேகம் வந்தாச்சு. அதுல இருக்கிற துளியோட குறுக்களவு சுமாரா 20 மைக்ரான், அதாவது 0.02 மில்லிமீட்டர். விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்குல மெதுவா இறங்கும். கீழேயிருந்து லேசா காத்து அடிச்சாலே மறுபடி மேலே போயிடும். தரைக்கு வந்து சேர்ற மழைத்துளி 2 மில்லிமீட்டர்னு வெச்சுக்கோங்க. குறுக்களவு நூறு மடங்கு, கொள்ளளவு பத்து லட்சம் மடங்கு. பத்து லட்சம் மேகத்துளி ஒண்ணு சேர்ந்தாத்தான் ஒரே ஒரு மழைத்துளி!

இன்னொரு கணக்கும் போடலாம். கடல் மேகத்துல ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமாரா நூறு துளி. ஒரு கன மீட்டருக்கு பத்து கோடி. அதே ஒரு கன மீட்டர்ல மழைத்துளி எத்தனைன்னு எண்ணினா ஆயிரத்தைத் தாண்டினாலே பெரிய விஷயம். ஆக, லட்சம் துளியில ஒண்ணுதான் முதல்ல பெரிசாகி, மத்ததை முட்டி விழுங்கிக்கிட்டே கீழே வருது. அந்த லட்சத்தில் ஒருத்தன் யார்? அவனுக்கு மட்டும் என்ன விசேஷம்?

1930களில் சுவீடன் நாட்டு டோர் பெர்ஜரான் இதுக்கு ஒரு பதில் சொன்னார்: பனிக்கட்டி. மேகத்தோட உச்சி உறைநிலைக்குக் கீழே போனா அங்கே சில பனித்துகள் உருவாகும், சுத்தி இருக்கிற துளிகளோட ஈரத்தை எல்லாம் அதுவே உறிஞ்சி வளரும், கீழே வரும்போது உருகி மழையாயிடும். ஐரோப்பாவுக்கு அருமையா பொருந்தின விளக்கம். ஆனா ஹவாயித் தீவுகள் பக்கம் வந்தா இந்த விளக்கம் படுத்துடும். அங்கே வியாபாரக் காத்துல மிதந்து வர்ற மேகங்களோட உச்சியே ரெண்டு, மூணு கிலோமீட்டர் உயரம்தான். உறைநிலை அதுக்கும் ரொம்ப மேலே. பனிக்கு வழியே இல்லை. ஆனாலும் பொழியுது, அதுவும் மேகம் கிளம்பி அரை மணி நேரத்துக்குள்ளேயே!

அப்படின்னா யாரோ ஒருத்தன் உள்ளே இருக்கான்.

கப்பல்காரர் உட்காக்

ஆல்ஃபிரட் உட்காக். கல்லூரிப் பட்டம் வாங்காதவர். 1931ல், அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் அட்லாண்டிஸ் என்ற பாய்மர ஆராய்ச்சிக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தவர். கப்பலில் வந்த விஞ்ஞானிகள் கருவியைப் பார்த்துக்கிட்டிருக்க, இவர் கடல்புறாவைப் பார்த்துக்கிட்டிருந்தார். அது எப்ப வட்டமடிக்குது, எப்ப நேர்கோட்டுல சிறகடிக்காம மிதந்து போகுதுன்னு குறிச்சு வெச்சுக்கிட்டே வந்தார். கடல் மேல கண்ணுக்குத் தெரியாம ஏறி இறங்குற காத்தோட வடிவத்தை அதிலேயிருந்து கண்டுபிடிச்சு, 1940ல் கட்டுரையாவே எழுதிட்டார். பறவையைக் கருவியா வெச்சு காத்தை அளந்த ஆள்!

1947ல் ஃப்ளோரிடா கடற்கரையில் கடல் சிவந்து மீன் செத்து ஒதுங்கியது. கரையோர ஜனங்களுக்கு இருமலும் மூக்கெரிச்சலும். கடல்ல இருக்கிற விஷம் வீட்டுக்குள்ள எப்படி வருதுன்னு கேள்வி வந்தது. உட்காக் அந்தத் தண்ணியை எடுத்து, தன்னோட மூக்குக்குள்ளேயே தெளிச்சுப் பார்த்தார். இருமல் வந்தது. அலையில உடையற சின்னச் சின்னத் துளிகள் காத்தோட சேர்ந்து கரைக்கு வருதுன்னு முடிவுக்கு வந்தார். (யாரும் வீட்டுல முயற்சி பண்ணாதீங்க, ப்ளீஸ்.)

அலையில என்ன நடக்குது? அலை உடையும்போது தண்ணிக்குள்ள காத்துக் குமிழி மாட்டிக்கும். குமிழி மேலே வந்து வெடிக்கும்போது, அந்தப் பள்ளத்தை நிரப்ப ஓடி வர்ற தண்ணி நடுவுல மோதி ஒரு ஊசி மாதிரி மேலே பீய்ச்சும். அந்த ஊசி சில துளிகளா உடைஞ்சு காத்துல பறக்கும். சோடா கிளாஸுக்கு மேல முகத்தை வெச்சா சில்லுன்னு தெறிக்குமே, அதேதான். 1954ல் உட்காக்கும் அவருடைய கூட்டாளி டங்கன் பிளாஞ்சர்டும் மற்ற இருவரும் சேர்ந்து இதை அதிவேகக் கேமராவில் பிடிச்சு வெளியிட்டார்கள். ஒரு குமிழி போடுற வேலை சின்னதுதான். ஆனா உலகத்துக் கடல் முழுக்க விநாடிக்கு எத்தனை குமிழி வெடிக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அந்தத் துளியெல்லாம் காஞ்சு உப்புத்துகளா மேகத்துக்கு ஏறுது.

இப்ப உட்காக்கோட முறைக்கு வருவோம். சின்னக் கண்ணாடிச் சில்லை விமானத்துக்கு வெளியே நீட்டுவார். எதிர்காத்துல வர்ற உப்புத்துகள் அதுல ஒட்டிக்கும். நம்ம மூக்குக் கண்ணாடி கதைதான்! அடுத்து, அந்தச் சில்லை ஈரப்பதம் சரியாத் தெரிஞ்ச ஒரு சின்ன அறைக்குள்ள வைப்பார். மழைக்காலத்துல உப்பு ஜாடி நசநசன்னு ஆகுமே, அது மாதிரி ஒவ்வொரு துகளும் ஈரத்தை இழுத்து ஒரு குட்டித் துளியா மாறும். இந்த ஈரப்பதத்துல உப்புத்தண்ணி எவ்வளவு கெட்டியா இருக்கும்னு வேதியியல் சொல்லிடும். துளியோட அளவை மைக்ரோஸ்கோப்புல பார்த்தா, உள்ளே இருக்கிற உப்போட எடை வந்துடும். எந்தத் தராசாலும் நிறுக்க முடியாத ஒரு துகளை இப்படி நிறுத்துட்டார். இந்த முறையை 1949லேயே கிஃபோர்டு என்பவருடன் சேர்ந்து வெளியிட்டார். காத்து பலமா அடிச்சா மேலே எவ்வளவு பெரிய துகள் போகுது, உயரம் கூடினா எப்படிக் குறையுதுன்னு 1953ல் இன்னொரு கட்டுரை.

இதிலேயிருந்து அவருக்கு வந்த யோசனைதான் அழகு. ஒவ்வொரு மழைத்துளியும் ஒரு பெரிய உப்புத்துகளிலிருந்து பிறக்குது. லட்சத்தில் ஒருத்தன் யாருன்னா, உள்ளே பெரிய கல்லு உப்போட பிறந்தவன்தான். உப்பு தண்ணியை இழுக்கும், மத்தவங்களுக்கு முன்னாடி அவன் பெருத்துடுவான், பெருத்தவன் வேகமா விழுவான், விழறவன் வழியில வர்றவங்களை விழுங்குவான். முடிஞ்சது கதை.

மழையை ருசி பார்ப்பது

யோசனை அழகா இருந்தா போதுமா? நிரூபிக்கணுமே. மேகத்துக்குள்ள புகுந்து ஒரு துளி வளர்றதைப் பக்கத்துல நின்னு பார்க்க முடியாது. ஆனா மழைத்துளி கீழே வருது. வரும்போது தன் பூர்வீகத்தையும் கூடவே கொண்டு வருது. மழைத்தண்ணியில குளோரைடு எவ்வளவு இருக்குன்னு அளந்து, மேகத்துக்கு அடியில காத்துல இருக்கிற உப்போட எண்ணிக்கையையும் எடையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சுருக்கமாச் சொன்னா, மழையை ருசி பார்க்கிறது.

உட்காக்கும் பிளாஞ்சர்டும் ஹவாயில் இதைத்தான் செய்தார்கள். பிளாஞ்சர்டு தனியா இன்னொரு வேலையும் பார்த்தார்: சாயப்பொடி தூவின வடிதாளை மழையில நீட்டி, விழுந்த கறையோட அளவை வெச்சு துளியோட அளவைக் கணக்குப் போடுறது. 1955ல் உப்புக் கரு யோசனைக்கான சோதனைகள் என்று தலைப்பிலேயே சொல்லி இருவரும் கட்டுரை வெளியிட்டார்கள்.

இங்கேதான் சிக்கல். மேலே போட்ட கணக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒரு மழைத்துளிங்கறது பத்து லட்சம் மேகத்துளி சேர்ந்தது. விழுங்கப்பட்ட ஒவ்வொண்ணும் தன் பங்குக்கு ஒரு கருவைக் கொண்டு வரும். தரைக்கு வந்த துளியில இருக்கிற உப்பு, தலைவன் பிறக்கும்போதே கொண்டு வந்ததா, இல்லை வழியில அடிச்சுப் பிடுங்கினதா? நாக்குக்கு ரெண்டும் ஒரே கரிப்புதான்.

இதைப் பிரிக்க 1960களில் ஒரு நுணுக்கமான வழி வந்தது. ராபர்ட் டூஸ் என்ற வேதியியலாளர் ஹவாயிக் காத்தில் அயோடினையும் குளோரினையும் அளந்துகொண்டிருந்தார். கடல் தண்ணியில இருக்கிற விகிதத்தைவிட காத்துத்துகள்ல அயோடின் பல மடங்கு அதிகமா இருந்தது. உட்காக்கோடு சேர்ந்து 1967ல் வெளியிட்ட கட்டுரையில் இன்னொரு விஷயம் தெரிந்தது: துகள் சின்னதாக ஆக, அயோடின் விகிதம் கூடுது. அப்படின்னா இது ஒரு கைரேகை! மழைத்துளியில அயோடினுக்கும் குளோரினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தா, அந்த உப்பு பெரிய துகள்ல இருந்து வந்ததா, பொடிசுகள்ல இருந்து வந்ததான்னு விசாரிக்கலாம். 1971ல் இதே குழு, ஹவாயி மழைத்துளிகளையும் உப்புத்துகள்களையும் சேர்த்து வைத்து மறுபடி எழுதியது. வெறும் ருசி பார்த்தவங்க, போலீஸ்காரங்க மாதிரி ரேகை எடுக்கிற அளவுக்கு வந்துட்டாங்க.

பொடிசுகளின் கட்சி

இதே சமயத்துல ஆஸ்திரேலியாவில் வேறொரு கட்சி கிளம்பியிருந்தது. பேட்ரிக் ஸ்கொயர்ஸும், அயர்லாந்திலிருந்து வந்த ஷான் டூமியும். இவங்க வாதம்: பெரிய உப்பை மட்டும் பார்க்காதீங்க, பொடிசுங்க எத்தனை பேருன்னு பாருங்க. நிலத்து மேல உருவாகுற மேகத்துல கன சென்டிமீட்டருக்குப் பல நூறு துளி. கடல் மேகத்துல நூறு, பல சமயம் அதுக்கும் குறைச்சல். இருக்கிற தண்ணி அதே அளவுதான். பந்தியில ஆள் குறைஞ்சா இலைக்கு இலை சோறு அதிகம். கடல் மேகத்துல ஒவ்வொரு துளியும் தானாவே பெருத்து, மோதி, மழையாயிடும். நிலத்து மேகத்துல ஆள் கூட்டம், ஆளுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும், ஒருத்தனும் பெருக்க மாட்டான்.

சரி, அந்தப் பொடிசுங்க எதனால் ஆனது? அதுவும் உப்புதான்னு பலரும் நினைச்சிருந்தாங்க. டூமி காத்தைச் சூடாக்கிப் பார்த்தார். சாப்பாட்டு உப்பு பல நூறு டிகிரி வரை தாங்கும், அம்மோனியம் சல்ஃபேட் அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆவியாயிடும். 1970, 71ல் வெளிவந்த இந்த மாதிரிச் சோதனைகள் சொன்னது: எண்ணிக்கையில பெரும்பான்மை சல்ஃபேட், அதாவது கந்தகம். உப்பு சிறுபான்மை.

நடுக்கடல்ல கந்தகம் எங்கேயிருந்து வந்தது? 1971-72ல் ஜேம்ஸ் லவ்லாக், ஷாக்கிள்டன் என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து அண்டார்டிகா வரை போனபோது கடல் நீரை அளந்தார். டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு போகிற வழியெல்லாம் இருந்தது. கடல்ல மிதக்கிற நுண்பாசிகள் உண்டாக்குற வாயு. கடற்கரைக்குன்னு ஒரு வாசனை இருக்கே, அதுல இதுக்கும் பங்கு உண்டு. காத்துல கலந்ததும் அது படிப்படியா சல்ஃபேட்டா மாறி மேகத்துக்குக் கருவாகுது. டாஸ்மானியாவின் கேப் கிரிம் நிலையத்தில் எடுத்த அளவுகளை வைத்து 1991ல் ஒரு கட்டுரை வந்தது. இந்த வாயுவிலிருந்து மட்டுமே வரக்கூடிய ஒரு பொருளும், மேகக் கருக்களின் எண்ணிக்கையும் பருவத்துக்குப் பருவம் ஒண்ணாவே ஏறி ஒண்ணாவே இறங்குதுன்னு காட்டினார்கள். பாசியே மேகத்தை நடத்தி பூமியோட சூட்டையும் சரி பண்ணுதுன்னு 1987ல் லவ்லாக் கூட்டணி சொன்ன பெரிய கதையை 2011ல் இன்னொரு ஆய்வு பலமா மறுத்துச்சு, அது தனிப் பதிவுக்கான விஷயம்.

கப்பல் போட்ட கோடு

அப்புறம் மனுஷன் உள்ளே வந்தான். வழக்கம்போல தெரியாமத்தான்.

1966ல் ஜான் கோனோவர் என்பவர், டைரோஸ் செயற்கைக்கோள் படங்களில் கடல் மேகங்கள் மேல் நீளநீளமாய் வெள்ளைக் கோடுகள் இருப்பதை எழுதினார். கீழே போன கப்பல்களோட புகை! அதுல இருந்த கந்தகம் மேகத்துக்குப் புதுக் கருக்களைக் கொட்டி, துளிகளைப் பொடிசாக்கி, மேகத்தை வெளுக்க வெச்சிருந்தது. அந்தக் கோட்டுக்குள்ள விமானத்தை விட்டுப் பார்த்தவங்க 1989ல் சொன்னது: துளி எண்ணிக்கை கூடியிருக்கு, தூறல் அளவுத் துளிகள் குறைஞ்சிருக்கு. அதே வருஷம் புரூஸ் ஆல்பிரெக்ட் இதைப் பொதுவாக்கினார்: புகை கூடினா தூறல் குறையும், மேகம் ரொம்ப நேரம் நிக்கும்.

நம்ம வீட்டு வாசல்லயும் இது அளக்கப்பட்டிருக்கு. 1999ல் ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இந்தோயெக்ஸ் என்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வு. தலைமை தாங்கினவங்கள்ல ஒருத்தர் வீரபத்ரன் ராமநாதன், நம்ம அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். நம் நாட்டுப் பக்கமிருந்து போகிற பழுப்பு மூட்டம் கடல் மேல வெகுதூரம் பரவியிருந்ததையும், அதில் சிக்கின மேகங்களில் துளிகள் சில மடங்கு அதிகமாகவும் சின்னதாகவும் இருந்ததையும் அளந்தார்கள். நாம அடுப்புலயும் வண்டியிலயும் விடுற புகை, நடுக்கடல்ல ஒரு மேகத்தோட மழையைத் தள்ளிப் போடுதுன்னா கொஞ்சம் உறுத்தத்தானே செய்யும்?

அப்ப உட்காக் தோத்துட்டாரா? இல்லை. 1990களோட கடைசியில வந்த கணக்கீடுகள் ரெண்டு கட்சியையும் ஒரே இலையில உட்கார வெச்சுது. சுத்தமான கடல் மேகத்துல பெரிய உப்பு பெரிய வித்தியாசம் பண்றதில்லை, அது தானாவே பொழியும். ஆனா புகை படிஞ்சு, பொடிசுகளால அடைச்சுக் கிடக்கிற மேகத்துல, ஒரு சில பெரிய உப்புத்துகள் போதும், பூட்டு திறந்துடும். சின்னத் துகள் மழையைப் பிடிச்சு வைக்கும், பெரிய துகள் அவிழ்த்து விடும்.

அதே உப்பு, வேற ஆசை

பழங்கதைன்னு நினைக்கிறவங்களுக்கு ரெண்டே ரெண்டு சேதி.

ஒண்ணு: 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் அளவு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. துறைமுக ஊர்க்காரங்க நுரையீரலுக்கு நல்ல காரியம். அந்த வருஷமே மேகத்து மேல கப்பல் கோடுகள் ரொம்பக் குறைஞ்சு போனதைச் செயற்கைக்கோள்கள் காட்டின. வெளுத்த மேகம் குறைஞ்சா வெயில் கூடுதலா கடல்ல இறங்கும். அதனால சூடு எவ்வளவு ஏறிச்சுங்கறதுல விஞ்ஞானிகள் இன்னமும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க.

ரெண்டு: போன வெளுப்பை நாமளே திருப்பிக் கொடுத்தா என்னன்னு ஒரு யோசனை. ஜான் லேத்தம் 1990லேயே சொன்னது. கடல் தண்ணியைப் பொடிப்பொடியாய்த் தெளிச்சு மேகத்தை வெள்ளையாக்குறது. 2024ல் கலிஃபோர்னியாவின் அலமீடா ஊரில், நிறுத்தி வைத்த ஹார்னெட் என்ற பழைய போர்க்கப்பல் மேலிருந்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் தெளிப்பானைச் சோதித்தார்கள். ஜூன் மாதம் ஊர் மன்றம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வேணுமா வேண்டாமாங்கறது பெரிய விவாதம். ஆனா அந்தத் தெளிப்பான் செய்யறவங்களோட தலைவலி என்ன தெரியுமா? துகள் கொஞ்சம் பெரிசாப் போச்சுன்னா மேகம் வெளுக்கறதுக்குப் பதிலா தூறலாகி, கரைஞ்சே போயிடலாம். அதாவது, எந்த அளவு உப்பு மழையைப் பெய்ய வைக்கும்? கண்ணாடிச் சில்லை விமானத்துக்கு வெளியே நீட்டி ஒரு பழைய கப்பல்காரர் கேட்ட அதே கேள்வி.

எழுபது வருஷத்துக்கு முந்தி பதில் தெரிஞ்சா ஒரு கட்டுரை வரும், அவ்வளவுதான். இன்னிக்குப் பதிலைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா வானத்துலயே கை வைப்போம். அளந்து பார்க்காம ஆரம்பிக்கக்கூடாதுன்னு எனக்குத் தோணுது. உங்களுக்கு?

போன வாரம் பீச்சுக்குப் போயிட்டு வந்து கண்ணாடியைக் கழட்டினேன். படலம் இருந்தது. சட்டை நுனியைத் தூக்கினவன், கொஞ்ச நேரம் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு அப்புறம்தான் துடைச்சேன்.

டிஸ்கி: நான் வேதியியல் ஆள் இல்லை, வாசிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் எழுதியிருக்கேன். விஷயம் தெரிஞ்சவங்க தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திக்கறேன். வெறும் கும்மி அடிக்க வர்றவங்களும் வரலாம், மழை வந்தா யாரை வேண்டாம்னு சொல்றது :-)